எம்.ஏ. சரித்திரம்

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், கவிதைக்கு எழுதுகிறார்கள், சமையல் புஸ்தகத்துக்குக்கூட இன்று மதிப்புரை வருகிறது. சர்வகலாசாலைகள் வருஷாவருஷம் வெளியிடுகிற பாடத்திட்டப் புஸ்தகத்துக்கு மட்டும் யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் ஒருவகைக் கற்பனை நூல்தான். அதற்கு ஒரு கதாநாயகன் இருக்கிறான். மாணவன் என்று பெயர். உள்ளே நுழையும்போது அவன் ஒருவிதமாக இருக்கிறான். இரண்டு வருஷம் கழித்து வெளியே வரும்போது வேறுவிதமாக இருப்பான் என்று அந்த நூல் வாக்குக் கொடுக்கிறது. நாவலாசிரியனும் இதைத்தானே சொல்கிறான்? வாக்கு நிறைவேறியதா என்று கேட்பதுதான் விமர்சனம்.

நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சரித்திரத் துறையின் எம்.ஏ. பாடத்திட்டம். நான் பி.ஏ.கூட முடிக்காதவன். கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுக் கதை எழுத வந்துவிட்டவன். இவனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. கதை எழுதுகிறவன் சரித்திரக்காரனின் களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்குகிறவன். அறுவடை நன்றாக நடந்தால்தான் எங்களுக்கும் சோறு.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தது. அதைப் படிக்காத தமிழ் வாசகர் குறைவு. 2022-லும் 2023-லும் அது இரண்டு பாகத் திரைப்படமாக வந்த பிறகு, படிக்காதவர்களும் பார்த்துவிட்டார்கள். அந்தக் கதை இரண்டு பேருடைய உழைப்பின்மேல் நிற்கிறது. ஒருவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, எம்.ஏ. படித்தவர். 1929 முதல் 1946 வரை சென்னை சர்வகலாசாலையின் இந்திய சரித்திர, தொல்பொருள் துறைக்குத் தலைவராக இருந்தார். சோழர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய நூல் 1935-லும் 1937-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. இன்னொருவர் டி. வி. சதாசிவ பண்டாரத்தார். கும்பகோணத்தில் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் பல வருஷம் தமிழாசிரியராக இருந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தின் முதல் பாகம் 1949-ல் வந்தது. எம்.ஏ. பட்டமெல்லாம் அவரிடம் கிடையாது. கல்கிக்கு இருவரும் வேண்டியிருந்தது.

பட்டம் பெற்றவரையும் பெறாதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டத்தின் பயன் என்ன என்ற கேள்வி தானாகவே வருகிறது. பட்டமே வீண் என்று முடிவு கட்டுவது சுலபம்; அது சோம்பேறியின் முடிவு. இருவருக்கும் பொதுவாக இருந்தது எது என்று பார்க்க வேண்டும். கல்லில் வெட்டியிருப்பதைப் படிக்க இருவருக்கும் தெரியும். படித்ததை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று நிதானிக்கவும் தெரியும். இந்த இரண்டையும் தருகிற படிப்புத்தான் சரித்திரப் படிப்பு.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள், அவர்களைச் சேர்ந்தவர்கள் ஆகியோருடைய நிலங்களைப் பற்றி அது பேசுகிறது. கதையில் நாம் அறிந்த ரவிதாசன் அந்தக் கல்லில் இருக்கிறான், சோமன் இருக்கிறான், பரமேசுவரன் இருக்கிறான். இதைப் படிக்க என்னென்ன வேண்டும்? பழைய தமிழ் எழுத்துத் தெரிய வேண்டும். ஊடே வருகிற கிரந்தம் தெரிய வேண்டும். அது போதாது. கல்வெட்டு ராஜகேசரியின் இரண்டாவது ஆட்சியாண்டு என்று தொடங்குகிறது. சோழ அரசர்கள் பெரும்பாலும் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டவர்கள். இது எந்த ராஜகேசரி? கரிகாலனின் தந்தை சுந்தர சோழனும் ராஜகேசரிதான்; ஆனால் அவனுடைய இரண்டாவது ஆண்டில் மகன் இன்னும் கொல்லப்படவில்லை. உத்தம சோழனோ பரகேசரி. ஆகவே இவன் 985-ல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன். இப்படிப் படி ஏறித்தான் ஒரு வருஷத்தைப் பிடிக்க முடிகிறது.

பிடித்த பிறகுதான் உண்மையான சிரமம். கொலைக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் நடுவில் சுமார் 15 வருஷம் உத்தம சோழன் ஆண்டிருக்கிறான். அவன் காலத்தில் ஏன் இந்த நடவடிக்கை இல்லை? உத்தமனுக்கே கொலையில் பங்கு இருக்கலாம் என்று சாஸ்திரி சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு பேசுவது நிலத்தைப் பற்றி. தண்டனை எப்போது தொடங்கியது என்று அது சொல்லவில்லையே என்று வாதிக்க இடமிருக்கிறது. அதே கல், அதே வரிகள். தீர்ப்பு மட்டும் வேறு. இந்த வழக்கு இன்றுவரை ஓயவில்லை. மாணவனுக்குக் கற்றுத்தர வேண்டியது தீர்ப்பை அல்ல, வழக்கை. பரீட்சையில் 'கரிகாலனைக் கொன்றவர் யார்?' என்று கேட்டு இரண்டு மார்க் போடுகிற இடத்தில் சரித்திரம் இல்லை.

இந்தக் கண்ணோடு பாடத்திட்டத்தைப் பார்ப்போம். உலகத்தில் எங்கே போனாலும் சரித்திர எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் இரண்டு பாதைகள்தான். ஒன்று பரீட்சைப் பாதை. பல தாள்கள் படித்து, எழுதித் தேறுவது. மற்றொன்று ஆய்வேட்டுப் பாதை. சில தாள்களோடு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, மூல ஆதாரங்களைத் தானே தேடிப் படித்து, ஒரு சிறு நூல் அளவுக்கு எழுதுவது. அமெரிக்க சர்வகலாசாலைகள் பலவற்றில் மாணவனையே கேட்டுவிடுகிறார்கள்: ஆய்வேடு எழுதுகிறாயா, அதற்குப் பதில் கூடுதல் பாடமும் முழுமைத் தேர்வும் வேண்டுமா என்று. இரண்டுக்கும் மொத்தம் 30 கிரெடிட்டைச் சுற்றித்தான் கணக்கு வரும். ஆய்வேடு எழுதுகிறவனிடம் பல இடங்களில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: தன் விஷயத்துக்கு வேண்டிய அயல்மொழி ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் மூன்றாவது பாதை ஒன்று உண்டு. பி.ஏ. வாங்கியவர் குறிப்பிட்ட வருஷங்கள் பொறுத்திருந்தால் போதும்; படிப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை, எம்.ஏ. கிடைத்துவிடும். காத்திருப்பதற்குப் பட்டம் கொடுப்பதென்றால் நம் ரேஷன் கடை வரிசையில் எத்தனையோ எம்.ஏ.க்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் பரீட்சைப் பாதை செல்வாக்காக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1857-ல் சென்னை சர்வகலாசாலையை ஏற்படுத்தியபோது லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து ஏற்படுத்தினார்கள். அது பாடம் சொல்லித்தர ஏற்பட்ட இடம் அல்ல; பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்க ஏற்பட்ட இடம். சொந்தமாகச் சரித்திர ஆராய்ச்சித் துறை அமைந்து, எஸ். கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் முதல் பேராசிரியராக வந்தது 1914-ல். அதாவது பரீட்சை பிறந்து 57 வருஷம் கழித்துத்தான் ஆராய்ச்சி பிறந்தது. மூத்த பிள்ளைக்கு இருக்கிற அதிகாரம் இளையவனுக்கு வருமா?

ஐரோப்பாவில் விஷயம் வேறு வழியில் நடந்தது. பெர்லினில் ராங்கே என்ற பேராசிரியர் தேர்ந்தெடுத்த சில மாணவர்களை உட்காரவைத்து, பழைய ஆவணங்களை வரிவரியாக அவர்களோடு படித்தார், சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தார். பிரான்சில் 1821-லேயே சுவடிகளையும் சாசனங்களையும் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கென்றே 'எகோல் தே ஷார்த்' என்ற பள்ளியை ஏற்படுத்திவிட்டார்கள். அங்கே படித்து வெளியே வருகிறவன் எந்தத் தத்துவத்தை நம்பினாலும் நம்பட்டும். ஒரு பழைய ஏட்டைக் கையில் கொடுத்தால் வாசித்துவிடுவான். தச்சனுக்கு உளி பிடிக்கத் தெரிவது போல அது.

நம் பக்கத்துப் பாடத்திட்டங்களில் அந்த உளி எங்கே இருக்கிறது? விருப்பப் பாடம் என்ற பகுதியில் இருக்கிறது. கல்வெட்டியல் ஒரு விருப்பப் பாடம். அதே பட்டியலில் சுற்றுலா நிர்வாகமும் ஒரு விருப்பப் பாடம். சில இடங்களில் மாணவன் இதை எடுக்கலாம், அல்லது அதை எடுக்கலாம். இரண்டுக்கும் மார்க் ஒன்றுதான். சுற்றுலாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் பிழைப்பு இருக்கிறது. கோயிலுக்கு நாலு பேரை அழைத்துப் போய்க் காட்டுகிறவனும் ஒருவிதத்தில் சரித்திரத்துக்குத் தொண்டு செய்கிறவன்தான். ஆனால் கோயில் சுவரைப் படிப்பதும் கோயிலுக்கு வண்டி ஏற்பாடு செய்வதும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று ஒரு நூல் சொன்னால், அந்த நூலை எழுதியவருக்குத் தம் கதாநாயகன் யார் என்றே தெரியவில்லை என்றுதான் விமர்சகன் சொல்ல வேண்டும்.

மாணவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சரித்திர எம்.ஏ. படிக்க வருகிறவர்களில் பலர் வேறு ஒரு வீட்டுக்குப் போகிற வழியில் இந்தத் திண்ணையில் உட்காருகிறவர்கள். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குச் சரித்திரத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று வருகிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு வருகிறார்கள். காலேஜ் வேலைக்கு 'நெட்', 'செட்' என்று மேற்கொண்டு பரீட்சைகள் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பரந்த படிப்பு வேண்டும். ஒரே கல்வெட்டில் ஆறு மாசம் உட்கார்ந்தவனுக்கு பிரெஞ்சுப் புரட்சி மறந்துபோய்விடும். வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் காத்திருக்கும்போது ராஜகேசரியா பரகேசரியா என்று விசாரிக்கச் சொல்வது கொடுமையாகக்கூடத் தோன்றலாம்.

பரீட்சைப் பாதைக்கு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒழுங்காகப் பரீட்சைக்குப் படித்தவனிடம் முழு வரைபடமும் இருக்கும். ஆய்வேட்டுக்காரனிடம் ஒரே ஒரு தெருவின் முகவரிதான் இருக்கும். அந்தத் தெரு எந்த ஊரில் இருக்கிறது என்பதே சமயத்தில் மறந்துபோய்விடும். ஆய்வேடு என்ற பெயரில் முந்தின வருஷத்து மாணவனின் ஏடு அட்டை மாறி வருவதும் உண்டு. காசு கொடுத்து எழுதி வாங்குவதும் உண்டு. பரீட்சை மண்டபத்திலாவது மூன்று மணி நேரம் தன் கையால் எழுதியாக வேண்டும். இதையெல்லாம் யோசித்த பிறகும், ஆய்வேடு எழுதாத சரித்திர எம்.ஏ. முக்கால் எம்.ஏ.தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரைபடத்தை எத்தனை நாள் பார்த்தாலும் கால் வலிக்காது. நடந்தவனுக்குத்தான் தூரம் தெரியும்.

முன்பு இந்தக் குறை அவ்வளவாக உறுத்தவில்லை. எம்.ஏ.வுக்கும் டாக்டர் பட்டத்துக்கும் நடுவே எம்.பில். என்று ஒரு படி இருந்தது. ஒரு மூல ஆதாரத்தை முதல்முதலாகக் கையில் எடுக்கிற வேலையைப் பல மாணவர்கள் அங்கேதான் செய்தார்கள். 2022 நவம்பரில் வெளியான விதிகளில் பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டது. மாடிப்படியில் நடுப்படியை எடுத்துவிட்டால், கீழ்ப்படி கொஞ்சம் உயர வேண்டாமா? 2024-ல் அதே குழு வெளியிட்ட முதுகலைத் திட்டத்தில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. இரண்டாவது வருஷத்தை முழுக்கப் பாடமாகவும் படிக்கலாம். பாதி பாடம் பாதி ஆராய்ச்சியாகவும் படிக்கலாம். முழுக்க ஆராய்ச்சியாகவும் செய்யலாம். கதவு திறந்திருக்கிறது. ஆனால் மூன்றில் எதையும் எடுக்கலாம் என்று சொன்னால், துறையில் ஆள் குறைவாக உள்ள இடத்தில் எது நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாடம் நடத்த ஒரு ஆசிரியர் ஐம்பது பேருக்குப் போதும். ஆய்வேட்டைத் திருத்த ஐந்து பேருக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு சர்ச்சை இருக்கிறது. பி.ஏ.வில் சரித்திரம் படித்தவர்களைத்தான் சேர்க்க வேண்டும் என்று சில பண்டிதர்கள் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. இந்திய சரித்திரத்தைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த கோசாம்பி கணித ஆசிரியர். ஆதித் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி 2003-ல் பெரும் நூல் வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்து ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். வாசலில் காவல் போடுவதால் புலமை வளராது. வாசலை விசாலமாகத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவனிடம் கறாராக இருக்க வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. நுழைகிறபோது சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம், வெளியே போகிறபோது இவனுக்கு ஒரு சாசனம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய அவசியம் இன்று அதிகமாகியிருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை 1887 முதல் தென்னாட்டுக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வருகிறது. படியெடுத்தவற்றில் பெரும் பகுதியின் முழு வாசகம் இன்னும் அச்சேறவில்லை. தமிழ்ப் படிகள் நெடுங்காலம் மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் உத்தரவிட்டபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் காகிதம் சென்னைக்கு வருவது ஒரு பாதி. அதை வாசிக்க ஆள் வருவது மற்றப் பாதி. தஞ்சையில் 1981-ல் ஏற்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் இதைச் சொல்லிக்கொடுக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை பட்டயப் படிப்பு நடத்துகிறது. நல்ல காரியங்கள்தான். எனினும் அங்கே ஒரு சிலர் படிக்கிறார்கள். ஊர் ஊராகச் சரித்திர எம்.ஏ. படிக்கிற கூட்டமோ அந்தப் பக்கமே திரும்பாமல் போய்விடுகிறது. வாசிக்கிற தலைமுறை ஒன்று அறுந்துபோனால் கல்வெட்டு வெறும் கல்லாகிவிடும். கீறல் விழுந்த கல்.

ஆய்வேடு என்றவுடன் நம்மவர்கள் எடுக்கிற தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மாவட்டத்தின் சரித்திரம், ஆதி முதல் இன்று வரை என்று ஆரம்பிப்பார்கள். இது முதல் கதையே மகாபாரதமாக இருக்க வேண்டும் என்று உட்காருகிற இளம் எழுத்தாளனின் வியாதி. சிறுகதைக்கு உள்ள தர்மம்தான் எம்.ஏ. ஆய்வேட்டுக்கும். ஒரு ஊர், ஒரு ஏரி, அந்த ஏரியைப் பற்றி ஐந்தாறு கல்வெட்டுகள். அறுபது பக்கம் போதும். யார் வெட்டினார்கள், யார் தூர் வாரினார்கள், தண்ணீர் யாருக்குப் போயிற்று, யாருக்குப் போகவில்லை? இதை ஒரு மாணவன் ஒழுங்காகச் சொல்லிவிட்டால் ராஜராஜனைப் பற்றிப் புதிதாக ஏதோ ஒன்றைச் சொன்னவனாகிவிடுகிறான். 1941-ல் நீலகண்ட சாஸ்திரி தென்னிந்திய சரித்திரத்துக்கு உரிய ஆராய்ச்சி முறையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவ்வளவு பெரிய காரியங்கள் செய்தவருக்கு முறையைப் பற்றி நின்று பேசத் தோன்றியது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம்.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியும் உண்டு. சாஸ்திரி ஆங்கிலத்தில் எழுதினார், உலகம் படித்தது. பண்டாரத்தார் தமிழில் எழுதினார். நம் வீடுகளில் படித்தார்கள். இரண்டும் வேண்டும். ஆனால் ஆதாரத்தின் மொழி தெரியாமல் விடையின் மொழியைப் பற்றிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஆங்கிலத்தில் எழுதட்டும், தமிழில் எழுதட்டும். கல்லில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

இதில் கதை எழுதுகிறவனின் கவலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்தியத்தேவனுக்குக் கல்வெட்டில் உள்ள இடம் மிகச் சிறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைக் குறிப்பிடும்போது, அவள் கணவன் என்ற முறையில் அவன் பெயர் வருகிறது. நந்தினிக்கு அந்த இடமும் கிடையாது. அவள் கல்கி படைத்தவள். ஆனால் இன்று நந்தினி நிஜமாக இருந்தவள் என்று நினைப்பவர்கள் ஏராளம். இதற்குக் கல்கி பொறுப்பில்லை. அவர் கதை எழுதினார். கதை என்று சொல்லித்தான் எழுதினார். கதையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி, சாதாரண வாசகன் கையில் எடுக்கும்படி, சரித்திரம் போதிய அளவு எழுதப்படவில்லை என்பதுதான் குறை. சரித்திரக்காரன் விட்ட இடத்தைக் கதைக்காரன் பிடித்துக்கொண்டான். கதைக்காரனுக்கே இது நல்லதல்ல. எதிரே உண்மை நின்றால்தான் கற்பனைக்கு மரியாதை. எல்லாமே கதை என்று ஆகிவிட்ட ஊரில் கதை எழுதுகிறவனுக்கு வேலையில்லை. அரசியல் மேடையில் நிற்கிறவர்கள் அந்த வேலையை எங்களைவிட நன்றாகச் செய்துவிடுவார்கள்.

ஆகவே இந்தப் பாடத்திட்டப் புஸ்தகத்தைப் பற்றி என் அபிப்பிராயம் இது: அமைப்பில் பரப்பு இருக்கிறது, ஆழம் குறைவு. விருப்பப் பாடங்கள் ஏராளம். கட்டாயமாக இருக்க வேண்டியவை இரண்டு அவற்றில் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, ஏதேனும் ஒரு பழைய எழுத்தையோ ஆவணத்தையோ தானே வாசிக்கிற பயிற்சி. அது சோழர் கல்வெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மோடி எழுத்தில் உள்ள தஞ்சை மராட்டிய ஆவணமாக இருக்கலாம், கம்பெனி காலத்துக் கலெக்டர் கடிதமாக இருக்கலாம். மற்றொன்று, அந்த வாசிப்பிலிருந்து பிறந்த அறுபது பக்கம். இந்த இரண்டையும் கட்டாயமாக்கிவிட்டு, மற்றவற்றை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையையோ பெண்ணையோ சரித்திரம் படிக்க அனுப்புகிற வாசகர்களுக்கு ஒரு யோசனை. துறையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே, போன வருஷம் எம்.ஏ. முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டினால் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். காட்டத் தயங்கினால், வேறு துறை பாருங்கள்.